இந்தக் காதுக்குத்தான் ஸ்பீக்கர்

பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டில் குளிர்பானம் அடைக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக ஓடிவரும். அந்த இரைச்சலில் வாயால் பேசிப் பிரயோசனமில்லை. நாங்கள் பெண்கள் கண்ணாலும் கையாலுமே பேசிப் பழகிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனில் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டேன். சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டு. அதில் பல்லவி முடிந்ததும் ஜால்ரா வர வேண்டும். வரவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரரின் போனில் போட்டேன். அதிலும் இல்லை.

"ஏனுங்க, இதுல ஜால்ரா கேக்குதுங்களா?"

"கணீர்னு கேக்குதே அம்மிணி. ஏன்?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

பாலக்காட்டில் காது டாக்டரைப் பார்த்தோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கம்பெனி இரைச்சலால் இடது காதில் கீச்சென்ற மெல்லிய சத்தமெல்லாம் பெரும்பாலும் போய்விட்டது, வலது காது பரவாயில்லை, போனது திரும்பாது என்றார் டாக்டர். இப்போதைக்கு மெஷின் வேண்டாமாம். டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டால் போதுமாம்.

வேலந்தாவளத்தில் இருக்கும் என் அண்ணன் விஷயம் தெரிந்ததும் மறுவாரமே வந்தார். கூடவே இடுப்புயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். கலர் கலராக விளக்கெரிந்தது.

"இந்தா புள்ள, போட்டா தெருவே அதிரும். இனி உனக்குக் கேக்காம இருக்காது."

அதிரத்தான் செய்தது. ஜன்னல் கம்பி நடுங்கியது. பாடுகிறவரின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் கிடந்தது. கம்பெனி இரைச்சலை வண்டி வைத்து வீட்டுக்கு அழைத்துவந்த மாதிரி இருந்தது. அண்ணன் பாசத்தோடுதான் வாங்கி வந்தார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"எனக்கு சத்தம் வேண்டாங்ணா. தெளிவா வேணும்."

"காதே போனதுக்கப்புறம் தெளிவென்ன தெளிவு? கெடைச்சத வெச்சுக் கேளு."

அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். 'கெடைச்சத வெச்சுக் கேளு' என்றதுதான் உடம்பில் முள்ளாக ஏறியது. நல்ல காது உள்ளவர்கள் எதில் கேட்டாலும் கேட்கும். பாதிக் காதை வைத்திருப்பவளுக்குத்தான் நல்ல ஸ்பீக்கர் வேண்டும். இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தேன். புரியவைக்க வேண்டாம், வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

கோயமுத்தூரில் பழைய ஸ்டீரியோ செட்டுகளைச் சரிசெய்து விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார்.

"சாருக்கு எந்த மாதிரி வேணுங்க?"

"எனக்கில்லீங்க. அவளுக்கு."

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, ஏதோ சமையல் சாமான் காட்டுவதுபோல, பளபளப்பான ஒரு புதுப் பெட்டியைக் காட்டினார். வேண்டாமென்றேன். இடது, வலது ஸ்பீக்கரின் சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பேலன்ஸ் குமிழ் உள்ள ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும் என்றேன். அந்தக் குமிழ் பற்றி யூடியூபில் தேடித் தேடிப் பார்த்து வைத்திருந்தேன். மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, ஒரு ஜோடி மர ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தார்.

நான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது பக்கம் கூடும்படி குமிழைத் திருகினேன். அவர் பதறிவிட்டார்.

"அக்கா, அது நடுவுல நின்னாத்தானுங்க சரியான சவுண்டு."

"உங்க காதுக்கு நடு அதுங்க. என்ற காதுக்கு நடு இங்க இருக்குது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் என்னைப் பார்த்துப் பேசினார்.

வீட்டுக்கு வந்தால் வேறு தொல்லை. எங்கள் வாடகை வீட்டில் வெறும் சுவரும் டைல்ஸ் தரையும்தான். எந்தப் பாட்டைப் போட்டாலும் கல்யாண மண்டபத்தில் பாடுவதுபோல எதிரொலித்தது. பின்சுவரில் ஆணியடித்துக் கனமான பருத்தி மெத்தை விரிப்பைத் தொங்கவிட்டேன். பீரோவைப் படுக்கையறைக்குத் தள்ளினோம். ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு முன்னால் இழுத்து, ஸ்டூல் மேல் காது உயரத்துக்கு வைத்தேன். கூடத்தில் நடக்க இடமில்லை. வீட்டுக்காரர் முழங்காலில் இடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நாம குடியிருக்கறமா, இதுங்க குடியிருக்குதுங்களா?"

கீச்சென்ற சத்தத்துக்கான ட்ரெபிள் குமிழையும் கூட்டி, அந்தப் பாட்டைப் போட்டேன். பல்லவி முடிந்தது. இடது பக்கத்தில், மெலிசாக, ஆனால் அதன் இடத்தில், ஜால்ரா தட்டியது. பழைய பளபளப்பு இல்லை. கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. ஆனால் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்ல ஒன்றைக் கம்பெனியில் என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறார்கள், நானும் எடுக்கவிட்டு நின்றிருக்கிறேன்.

மறுநாள் காலை ஷிப்டில் சூப்பர்வைசரிடம் போய்க் காதை மூடும் கவசம் கேட்டேன். ஸ்டோரில் இருக்கிறது, யாரும் போடுவதில்லை என்றார்.

"சேச்சீ, அது இட்டா தல வேதனிக்கும்," என்று மலையாளத்தில் சிரித்தார்.

"என்ற தலைதானுங்களே, வலிக்கட்டும். எடுத்துக் குடுங்க."

முதல் வாரம் எல்லோரும் என்னை ஹெலிகாப்டர் ஓட்டுகிறவள் என்று கேலி செய்தார்கள். அதையும் கையால் ஜாடை காட்டித்தான் செய்ய வேண்டியிருந்தது. பிறகு பக்கத்தில் நிற்கும் ஒடிசாப் பெண்ணும் ஒன்று வாங்கிப் போட்டாள். இப்போது எங்கள் வரிசையில் பாதிப்பேர் போடுகிறார்கள். மீதிப் பேரிடம் தினமும் சண்டை போடுகிறேன்.

அண்ணன் பொங்கலுக்கு வந்தபோது நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒரு பாட்டு முழுக்க அசையாமல் கேட்டார். எழுந்து, "எல்லாம் சரி. இடதுபக்கம் ரொம்ப ஏறி நிக்குது, கொஞ்சம் கொறை," என்று கையை நீட்டினார். தட்டிவிட்டேன்.

"அது எனக்கு வெச்சதுங்ணா. உங்களுக்கு வேணும்னா உங்க ஊட்டுல ஒண்ணு வாங்கி வெய்ங்க."

முகத்தைத் தூக்கிக்கொண்டார். சர்க்கரைப் பொங்கல் மட்டும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

போன வாரம் வீட்டு ஓனர் வந்து சுவரைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார். இத்தனை ஆணி எதற்கு, விரிப்பைக் கழற்றிவிடுங்கள் என்றார். காலி பண்ணும்போது ஓட்டையெல்லாம் அடைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன், அதுவரைக்கும் ஒரு ஆணியையும் தொடமாட்டேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். யோசிக்கட்டும். மேற்கூரையிலும் கொஞ்சம் எதிரொலி இருக்கிறது, அங்கே என்ன தொங்கவிடலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.