முதல் வடையில் பாதி

வடைக் கடைக்காரிக்கு இரண்டு நாக்கு வேண்டும். ஒன்று உப்புப் பார்க்க, இன்னொன்று வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்ல.

இனிப்பு, எண்ணெய், மைதா, டீ எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காவது பலகாரக் கடையைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நடக்க வழி உண்டு. நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு வாயைக் கட்டினவள். மற்ற நாட்களெல்லாம் எப்படியோ பழகிவிட்டது. அந்த முதல் சில நாட்கள் இருக்கிறதே, அதை உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

சேர்த்துவிட்டாள்

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்கு வெளியே, காலையில் திறக்காத ஒரு துணிக்கடையின் ஷட்டருக்கு முன்னால் எங்கள் கடை. இட்லி தாராவியில் வீட்டிலேயே வெந்து டப்பாவில் வந்துவிடும். வடையை மட்டும் இங்கே சுட வேண்டும், சூடாக இல்லாவிட்டால் இந்த ஏரியா மாட்டுங்காக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் முருகையா டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. சிக்னல் சிவப்பா பச்சையா என்பதைப் பக்கத்து வண்டி நகர்வதை வைத்துத் தெரிந்துகொள்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். அதிலிருந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கைத்தடவலிலேயே இட்லிப் பொட்டலம் கட்டுகிறார்.

ஆபரேஷன் செய்தால் கண் தெளிந்துவிடும். ஆனால் சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது கை வைக்க மாட்டேன், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர்தான். வாய்தான் ஒழுங்கில்லை. மூன்றாவது தடவையும் திருப்பி அனுப்பிவிட்டால், கண் மொத்தமாகப் போய்விட்டால் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் மகள் செல்வி முலுண்டில் இருக்கிறாள். அவள் குடியிருக்கிற அடுக்குமாடி சொசைட்டிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கிளீன் ஈட்டிங் சாலஞ்ச் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். டாக்டரிடம் கேட்டதற்கு, நல்லதுதான், ஆனால் மாத்திரை போடுகிறவர் பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சொன்னார். சரி, சர்க்கரை இல்லாத நான் எதற்கு இதில் என்று செல்வியிடம் கேட்டேன். பதில் சொன்னது அவளுடைய அப்பா.

"நீ திங்காம இருக்க வரைக்கும் நானும் திங்க மாட்டேன்ட்டி. நீ ஒரு வடை தின்னேன்னு தெரிஞ்சிது, நான் ரெண்டு திம்பேன்."

டீ இல்லாத காலை

எழுந்ததும் ஒரு டீ, மாவை இறக்கி வைத்ததும் ஒரு டீ, அடுப்பு மூட்டியதும் அரை கிளாஸ் கட்டிங் டீ. இந்த மூன்றும் இல்லாமல் நான் கடை போட்டதே இல்லை. சாலஞ்ச் தொடங்கிய அன்றைக்குச் சீரகத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். ஏழு மணிக்கெல்லாம் இடது கண்ணுக்கு மேலே ஒரு வலி உட்கார்ந்துகொண்டது. பக்கத்து டீக்கடைக்காரர் இஞ்சி தட்டுகிற சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. இன்னும் கொஞ்சம் சட்னி என்று கேட்ட ஒருவரிடம், சட்னி என்ன குழாயிலா வருகிறது என்று கேட்டுவிட்டேன். அவர் இட்லியை வெறுமனே தின்றுவிட்டுப் போனார். இன்றைக்கும் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அப்போது வந்தார் மணி மாமா. ரிட்டயரான பாலக்காட்டுக்காரர். வீட்டில் மாமி அவருக்கு ஓட்ஸ் கஞ்சி போட்டு வைத்திருப்பார். மாமா வாக்கிங் என்று கிளம்பி, நேராக எங்கள் கடைக்கு நடந்து, இரண்டு வடை தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடப்பார். தினமும் ஒரு வடையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்ப்பார். போன வருஷம் இதில் உன் மூக்கு மட்டும்தான் தெரிந்தது, இப்போது முழு முகமும் தெரிகிறது என்பார். உளுந்து விற்கிற விலையில் ஓட்டை கொஞ்சம் பெரிதாகத்தான் செய்யும், அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரர்தான் ஸ்டூலில் இருந்தபடி, எங்க ஆளு கை அளவு மாறவே மாறாது மாமா என்று எனக்காக வாதாடுவார். அன்றைக்கு மாமா வடையைத் தூக்கியதுமே, வேண்டுமானால் தின்னுங்கள், இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். மாமா வடையை இறக்கினார். என்ன ஆயிற்று என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"கவலைப்படாதேம்மா. தலைவலி மூணு நாள்ல போயிடும். கோபம்தான் நிக்கும். எங்காத்துல ரெண்டு வருஷமா நின்னுண்டிருக்கு."

கண்ணுக்கு உப்புத் தெரியாது

எங்கள் கடையில் ஒரு பழக்கம். எண்ணெயிலிருந்து எடுக்கும் முதல் வடை விற்பனைக்கு இல்லை. அதைப் பிட்டு, பாதி எனக்கு, பாதி அவருக்கு. உப்பு சரியா என்று பார்ப்பதற்காக ஆரம்பித்தது. அவர் டாக்சி ஓட்டின நாட்களில்கூட அந்த நேரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார். சவாரி உட்கார்ந்திருந்தாலும் நீட்டுவார்.

இப்போது இரண்டு பேருக்கும் வாய்ப்பூட்டு. சரி, இத்தனை வருஷம் போட்ட கைக்கு அளவு தெரியாதா என்று உப்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சந்தேகம், போட்டேனா இல்லையா என்று. எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. ஆட்டோவில் ஏறிய பிறகும் கேஸை மூடினேனா என்று இறங்கி ஓடுகிறவள் நான். நாக்கில் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. இல்லாமல் போவதைவிட இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னொரு கை போட்டேன். டோம்பிவிலியிலிருந்து ஆபீசுக்கு வரும் ஒரு பெண், தினமும் எங்களிடம்தான் காலைச் சாப்பாடு. நல்ல பொறுமைசாலி. ஒரு வடையை முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"ஆன்ட்டி, வடை மஸ்தா இருக்கு. கூட ஒரு தண்ணி பாட்டிலும் குடுப்பீங்களா?"

உப்பு அதிகாரி

மறுநாளிலிருந்து முதல் வடையை மணி மாமாவிடம் கொடுத்து உப்புக் கேட்பது என்று முடிவானது. மாமா செருப்பைக்கூட ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு அந்த வேலையைப் பார்த்தார். பாதியைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, ஸ்டேஷனில் ஒரு வண்டி வந்து போகிற நேரத்துக்கு மென்றார். நானும் என் வீட்டுக்காரரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் கண் தெரியாது என்றாலும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தார். கடைசியில் மாமா கண்ணைத் திறந்தார்.

"கொஞ்சம் சந்தேகமா இருக்கு. மிச்சப் பாதியையும் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

பின்னால் தெரிந்தது

சாலஞ்சில் ஒரு கட்டாயம், சாப்பிடுகிற தட்டை ஃபோட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டும். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழ் வாசிப்பேன், அந்தக் குரூப்பில் ஓடுகிற இங்கிலீஷும் இந்தியும் எழுத்தில் எனக்கு ஏறாது. ஃபோட்டோ மட்டும் அனுப்பத் தெரியும். கடைக் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் முளைகட்டின பயறு, வெள்ளரிக்காய், கம்பு தோசை என்று இரண்டு தட்டில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு எடுத்தேன். என் வீட்டுக்காரர் வெள்ளரிக்காய்த் துண்டைத் தடவிப் பார்த்து, இது என்னட்டி, ஈரமா இருக்க காசு மாதிரி இருக்கு என்றார். தின்றார். முகத்தைச் சுளிக்கவில்லை, அதுதான் எனக்கு மனசைப் பிசைந்தது.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஃபோன் விடாமல் கத்த ஆரம்பித்தது. ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். தட்டில் எண்ணெய் தெரிந்துவிட்டதா, அவரைச் சாலஞ்சிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்களா என்றெல்லாம் நினைத்துவிட்டேன். செல்வி கூப்பிட்டாள். தட்டை யாரும் பார்க்கவே இல்லையாம். எனக்குப் பின்னால் அகலத் தாம்பாளத்தில் குவித்திருந்த வடையைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அது எந்த இடம், ஞாயிற்றுக்கிழமை உண்டா, முலுண்டுக்கு வருமா என்று கேட்டுக் கேட்டு, ஒரு பெண் அன்றைக்கே சாலஞ்சை விட்டுப் போய்விட்டாளாம்.

"அம்மா, அடுத்த வாட்டி செவுத்தைப் பாத்து உக்காந்து ஃபோட்டோ எடும்மா. ப்ளீஸ்."

சத்தம்

இன்னொரு நாள் நல்ல மழை. வண்டியெல்லாம் தாமதம், வந்த வண்டியிலிருந்து இறங்கினவர்கள் எல்லாரும் எங்கள் தார்ப்பாய்க்கு அடியில்தான் நின்றார்கள். மாமா வரவில்லை. மறுநாள் இவருக்கு ரத்தம் எடுக்கப் போக வேண்டும். அதே நினைப்பாக நின்றேன். சர்க்கரை குறைந்திருக்குமா, டாக்டர் இந்தத் தடவையாவது முகம் கொடுத்துப் பேசுவாரா. முதல் வடையை எண்ணெயிலிருந்து எடுத்தேன், பிட்டேன், பாதியை வாயில் போட்டேன். நானாகச் செய்யவில்லை, கை செய்தது. மொறுமொறு என்று சத்தம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சத்தம் அவருக்கும் கேட்டது. என் பக்கம் திரும்பினார். தினமும் நீட்டுவது போலவே உள்ளங்கையை நீட்டினார். எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் தோன்றவில்லை. நான் ஒன்று தின்றால் அவர் இரண்டு தின்பார், அதுதானே பேச்சு? இத்தனை நாள் வெள்ளரிக்காயும் கம்பும் தின்றது என் ஒரு வாய் வடையில் போய்விடுமே என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு காகிதத்தில் துப்பினேன். தெரியாமல் வாயில் போட்டுவிட்டேன், துப்பிவிட்டேன் என்று சொன்னேன். அவர் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே இருந்தார். வேறு வழி தெரியாமல் மிச்சப் பாதியை அந்தக் கையில் வைத்தேன்.

அவர் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். நன்றாக, நிதானமாக, சட்டியில் அடுத்த ஈடு வேகிற வரைக்கும் மோந்து பார்த்தார். பிறகு டோம்பிவிலிப் பெண்ணின் குரல் வந்த பக்கமாக நீட்டி, உப்புப் பார்த்துச் சொல்லும்மா என்று கொடுத்துவிட்டார். என்னிடம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"துப்புனது கணக்குல வராதுட்டி. மோந்து பாத்ததும் வராது."

முழு முகம்

ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தது, ஆனால் போதாது. இதே வழியில் போங்கள், இன்னும் கொஞ்ச நாள் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு கம்பு தோசை எங்களுக்குத் தோசையாகவே ஆகிவிட்டது, தலைவலியும் மாமா சொன்னபடி போய்விட்டது. ஒருவழியாக வலது கண்ணை ஆபரேஷன் செய்தார்கள். எண்ணெய்ப் புகை படக் கூடாது என்று அவரை வீட்டிலேயே வைத்திருந்தேன். சொட்டு மருந்து முழுசும் முடிந்து, இனி வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கடைக்குக் கூட்டி வந்தேன்.

கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். ஸ்டேஷன் போர்டை வாசித்தார். மாமாவின் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைச் சொன்னார். முதல் வடையை எடுத்ததும் கையை நீட்டினார். நான் தயங்கினேன். திங்கக் கேட்கவில்லை என்றார். பிட்காமல் முழுசாகவே கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். வடையை அந்த நல்ல கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். மாமாவும் எட்டிப் பார்த்தார். தினமும் பாதி வடையைக் கையில் வாங்கினவருக்கு அதன் அளவு தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டுதானே எனக்காக வாதாடியிருக்கிறார். அதெல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வெகுநேரம் வடையை இறக்கவே இல்லை.

"மாமா சொன்னது நெசந்தான்ட்டி. முழு மூஞ்சியும் தெரியுது."

அந்தச் சாலஞ்சில் அவர் சர்க்கரையைக் குறைத்தார், செல்வி எடையைக் குறைத்தாள், நான் வடையின் ஓட்டையைக் குறைத்ததோடு சரி.