ஓடிக்கொண்டிருந்த பழைய கெர்னல்

தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், ஆய்வகத்தின் சர்வர் நின்றதே இல்லை என்பது வெகுகாலம் பெருமையாகப் பேசப்பட்டது. ஆயுத பூஜையன்று பராமரிப்புப் பிரிவின் ஸ்பானர்களும் துளையிடும் இயந்திரமும் படையலுக்கு முன்னால் ஓய்வெடுக்கும். சர்வர் மட்டும் ஓடியபடியே சந்தனத்தையும் குங்குமத்தையும் ஏற்றுக்கொள்ளும். எங்கள் கணினிப் பிரிவு மேலாளருக்கு அதில் தனிக் கர்வம். யாராவது பார்க்க வந்தால், இயந்திரம் எத்தனை காலமாக இடைவிடாமல் ஓடுகிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டிக் காட்டுவார். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான் வரும்.

காரணம் எளியது. இயங்குதளத்தின் உட்கருவைக் கெர்னல் என்கிறோம். எந்த நிரலும் நினைவகத்தையோ வட்டையோ தொட வேண்டுமானால் அதன் அனுமதியோடுதான் தொட முடியும். அதில் அவ்வப்போது பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. முகம் தெரியாத பலர் உழைத்து அவற்றை அடைக்கும் திருத்தங்களை, அதாவது பேட்ச்களை, வெளியிடுகிறார்கள். திருத்தம் வெளியானதும் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. அடைக்காதவர்களைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவது அதற்குப் பிறகுதான்.

எங்கள் பிரிவில் திருத்தங்களை மாதந்தோறும் ஒழுங்காக நிறுவினார்கள். கண்காணிப்புத் திரையில் பச்சை நிறமும் வந்தது. ஆனால் புதிய கெர்னல் வட்டில் போய் உட்கார்ந்தால் மட்டும் போதாது. இயந்திரத்தை நிறுத்தி மறுபடி தொடங்கும்வரை நினைவகத்தில் ஓடுவது பழையதுதான். யாரும் நிறுத்தவில்லை. மருந்தை வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு நோயாளி தேறிவிட்டார் என்று அறிவிப்பதற்குச் சமமான இந்தக் காரியம், போயும் போயும் ஒரு மருத்துவமனையில் நடந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் வெளியான ஓட்டை மோசமானது. இயந்திரத்தில் சாதாரணக் கணக்கு ஒன்றை வைத்திருப்பவர், அதன் வழியாக இயந்திரம் முழுவதற்கும் எஜமானராகிவிடலாம். எங்கள் வரவேற்புப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

அந்தச் சர்வரில் இருந்தவை ரத்தப் பரிசோதனை முடிவுகள். தொட்டியத்திலிருந்து வருகிறவர்கள் வழியில் எத்தனையோ ஆய்வகங்களைக் கடந்துதான் எங்களிடம் வருகிறார்கள். தங்கள் ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்தப் பயணம். ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீதியில், மாத்திரைக் கவரோடு ஒருவர் நடந்து போனால் மறுநாள் காலை பால் வாங்கும் இடத்தில் "ஆத்துல யாருக்கு உடம்புக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். கருவுற்றிருக்கிறாளா என்று சோதித்துக்கொண்ட பெண்ணின் பெயரும் எச்.ஐ.வி. சோதனைக்கு வந்த ஆணின் பெயரும் இப்படிப்பட்ட ஊர்களில் வெளியானால் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

துவாக்குடிக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி பெங்களூரிலிருந்து அழைக்கும்போதெல்லாம், "இன்னும் ஆஸ்பத்திரில பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டிக்கிட்டுதான் இருக்கியா?" என்று சீண்டுவாள். ஆமாம், அதையும் செய்கிறேன் என்பேன். ஆனால் அந்தச் சர்வரைப் பூட்டிக் காப்பதும் என் வேலை; பூட்டின் மதிப்பு உள்ளே இருப்பதைப் பொறுத்தது என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்த மாதம் தலைமை மருத்துவர் நடத்திய கூட்டத்துக்கு முன்பு மேலாளர் என்னைத் தனியே அழைத்தார்.

"மேடம் கேட்டா எல்லாம் பேட்ச் ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"ஆகலையே சார். ஓடறது பழசுதான்."

"ஓடுற வண்டிய எதுக்கும்மா நிறுத்தணும்ங்கற? நிறுத்தி, கெளம்பலேன்னா?"

"சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகத்தையே தொடாம வைக்கறோம். இதுக்கு அரைமணி நேரம் ஓய்வு குடுத்தா தெய்வக் குத்தமா சார்?"

அவர் சிரித்தார், ஆனால் இசையவில்லை. கூட்டத்தில் தலைமை மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, நான் மேலாளரைப் பார்க்காமல் பதில் சொன்னேன்: "இல்லீங்க மேடம். ஆகலை." என் குரல் தேவைக்கு மேல் ஓங்கி ஒலித்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

"எப்ப நிறுத்தலாம்?" என்றார் மருத்துவர்.

"மத்தியானம், மேடம். காலை ஓ.பி. முடிஞ்சு சாயங்கால ஓ.பி. ஆரம்பிக்கறதுக்குள்ள. அவசர ரிப்போர்ட்ட லேப்ல கையால எழுதித் தரேன்னு சொல்லிட்டாங்க. ஸ்டோர்ல இருக்கற பழைய சர்வர்ல புதுக் கெர்னலப் போட்டு, ரத்தம் பாக்கற மெஷினோட சேர்த்து ஓட்டிப் பாத்துட்டேன்."

"வரலேன்னா?" என்று மேலாளர் குறுக்கிட்டார்.

"வரலேன்னா ரெண்டு பேரும் ஓ.பி.ல உக்காந்து பேஷண்ட்டுக்குப் பதில் சொல்லுங்க," என்று மருத்துவர் முடித்துவிட்டார்.

மறுநாள் மதியம் சர்வரை நிறுத்தினேன். விசிறிகளின் இரைச்சல் அடங்கியதும் அந்த அறைக்கு இவ்வளவு அமைதி உண்டா என்று தோன்றியது. மீண்டும் ஏற்றியபோது திரை நெடுநேரம் கறுப்பாகவே இருந்து, பிறகு உயிர்பெற்றது. ஆய்வகப் பெண்கள் கதவருகே கைதட்டினார்கள். மேலாளர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பாத்தியா, நம்ம வண்டி!" என்றார்.

எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன். பழையது.

மறுபடி தட்டினேன். அதே பழையதுதான். அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது விளங்கியது: எத்தனை புதிய கெர்னல்களை நிறுவினாலும் இந்த ஒன்றையே ஏற்ற வேண்டும் என்று யாரோ நிரந்தரமாகக் கட்டிவைத்திருந்தார்கள்.

"சார், இது யாரு செஞ்சது?"

அவர் குளிரூட்டியைப் பார்த்தபடி சொன்னார்: "நான்தான். நீ வர்றதுக்கு முன்னாடி. ஒரு தடவ புதுசு ஏத்தினப்ப ரத்தம் பாக்கற மெஷின் சர்வரோட பேசவே இல்ல. அன்னிக்கு ரிப்போர்ட் பூரா போச்சு. அதான் கட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல."

அவர் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு வயதாகிவிட்டது.

"சரி, ரீஸ்டார்ட் பண்ணியாச்சுல்ல? மேடம்கிட்ட முடிஞ்சுதுன்னு சொல்லிடலாம். மிச்சத்த அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா. வெளிய கூட்டம் சேந்துடுச்சு."

கூட்டம் சேர்ந்துதான் இருந்தது. மாலை நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னொரு முறை நிறுத்தினால் இவர்கள் காத்திருக்க நேரிடும். அந்தத் துன்பம் கண்ணுக்குத் தெரிகிறது. நிறுத்தாவிட்டால் வரக்கூடியது கண்ணுக்குத் தெரியாது; வராமலும் போகலாம். இரண்டையும் எடைபோட்டேன். கண்ணுக்குத் தெரியாததற்காகத்தான் என்னை அங்கே வேலைக்கு வைத்திருந்தார்கள்.

கூடத்துக்குப் போய் உரக்கச் சொன்னேன்: "உங்க ரிப்போர்ட்டெல்லாம் இருக்கற மெஷின்ல பூட்டு சரியா இல்லீங்க. மாத்தறோம். கொஞ்ச நேரம் ஆகும். அவசரம்னா லேப்ல சொல்லுங்க, கையால எழுதித் தருவாங்க."

"பூட்ட மாத்த இந்த நேரந்தான் கெடச்சுதாம்மா ஒனக்கு?" என்று ஒரு பெரியவர் சீறினார்.

"மாத்தட்டும்ங்க," என்றார் பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த பெண். "திறந்து போட்டா எல்லாரும் பாக்கறதுக்கு அதென்ன கல்யாண ஆல்பமா?"

கூடம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பழைய கெர்னலுக்குப் போட்டிருந்த கட்டை அவிழ்த்தேன். மேலாளர் கதவை மறித்தாற்போல் நின்று, "என் பேச்ச மீறிச் செய்யற" என்றார். "ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை நிறுத்தினேன்.

இம்முறை யாரும் கைதட்டவில்லை. திரை தெளிந்ததும் கட்டளையைத் தட்டினேன்: புதியது. ஆய்வகத்தில் ஒரு மாதிரியை இயந்திரத்தில் வைத்தார்கள். முடிவு சர்வருக்கு வந்து சேரும்வரை மேலாளர் நாற்காலியின் முதுகை விடவில்லை. வந்ததும் கையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சில நாள் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார். வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "இனிமே என்னக் கேக்காம அத நீ நிறுத்தக் கூடாது."

"கேட்டுட்டே நிறுத்தறேன் சார்," என்றேன். "ஆனா நிறுத்துவேன்."