குறைய வேண்டிய எண்

டப்ளினில் ரத்தம் எடுப்பவர்கள் பிறந்த தேதியைக் கேட்பார்கள். தென்காசியில் யார் மகள் என்று கேட்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன லேபில் அப்பா பெயரைச் சொன்னதும், ரத்தம் எடுக்க வந்த பெண் முகம் மலர்ந்து, “அப்போ செல்லத்தாய் அக்காவுக்குத் தம்பி மவளா நீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். என் அந்தரங்கம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏழாவது வாரத்தில், டப்ளினில், வயிற்றின் ஒரு பக்கம் விடாமல் குத்தியது. ஸ்கேன் பார்த்தவர்கள், கரு கர்ப்பப்பைக்கு வரவில்லை, குழாயிலேயே தங்கிவிட்டது என்றார்கள். வெடித்தால் என் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை வேண்டியதில்லை, மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போதும், உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும் என்றார் நர்ஸ். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்று சொல்லி ஒரு துண்டுப்பிரசுரமும் தந்தார். மரியாதையான துக்கம்தான், கட்டிப்பிடித்து அழத்தான் ஆளில்லை. என் கணவர் இரண்டு நாள் லீவு போட்டு ரசம் வைத்துக் கொடுத்தார், மூன்றாம் நாள் ஆபீசுக்குப் போனார். அவர் வேறென்ன செய்வார்? ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் வெகுவாக இறங்கியதும், ஊருக்குப் போய்வரலாம் என்று டாக்டர் அனுமதித்தார். அது ஐந்துக்குக் கீழே வரும்வரை ஆபத்து நீங்கியதாகச் சொல்ல முடியாது, வாராவாரம் பார்க்க வேண்டும். அதுவரை மருந்தை முறிக்கும் கீரை கூடாது, ஃபோலிக் மாத்திரை கூடாது, வயிற்றில் பலமாக எதுவும் படக்கூடாது.

தென்காசியில் முதல் வாரம் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. குறைந்திருக்கிறதே என்று எனக்கு நிம்மதி. அந்தத் தாளை மட்டும் பார்ப்பவருக்கோ அது கர்ப்பம் என்ற நல்ல செய்தி.

சாயங்காலமே செல்லத்தாய் அத்தை வந்து நின்றாள். ஒரு கையில் மல்லிகைப்பூ, மறுகையில் முருங்கைக்கீரைக் கட்டு.

“ஏட்டி, இதப் போயி மறைப்பாவளா? லேப்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? எத்தன மாசம்?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஊசி போட்ட அன்றே போனில் சொல்லியிருந்தேன்.

“இப்பத்தான் ரெண்டு, மதினி” என்றாள் அம்மா. கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய் ஆய ஆரம்பித்தாள்.

பின்னாலேயே போனேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “ஏம்மா பொய் சொன்ன?”

அம்மா தலை நிமிரவில்லை. “அவ ஒருத்தி வாயிலயாவது அந்தப் பிள்ள கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நெனச்சிட்டேன்டி.”

அதற்கு மேல் அம்மாவிடம் சண்டை போட முடியவில்லை. வெளியே வந்து நானே அத்தையிடம் சொன்னேன். அது சரியான இடத்தில் தங்கவில்லை, ஊசி போட்டாயிற்று, இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. அத்தை கையிலிருந்த பூவைப் பிரித்தாள். பிறகு, “இங்கன வா. கொண்டாந்த பூவத் திருப்பிக் கொண்டுபோவக் கூடாது” என்று என்னை உட்கார வைத்துத் தலையில் வைத்துவிட்டாள். ஊக்கு இரண்டு முறை கீழே விழுந்தது. டப்ளினில் போட்ட ஊசிக்குப் பிறகு நான் அன்றுதான் சத்தம் போட்டு அழுதேன்.

மூன்று வாரம் கழித்து, சாரல் விழுந்த ஒரு பிற்பகலில் அம்மாவும் நானும் குற்றாலத்தில் இருந்தோம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம். பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் நின்றபோது லேபிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. இரண்டுக்கும் கீழே. அதனடியில், “நெகட்டிவ் வந்துட்டு. சாரிக்கா” என்று அந்தப் பெண் தனியாக எழுதியிருந்தாள். அதை டப்ளினுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அந்த நர்ஸிடமிருந்து பதில் வந்தது: அருமையான செய்தி, இனி எல்லாம் வழக்கம்போலச் செய்யலாம்.

“என்ன சொல்லுதாவ?” என்றாள் அம்மா.

“சந்தோஷமான சேதியாம்.”

“யாருக்கு?”

போனை அம்மா பையில் போட்டுவிட்டு அருவிக்குள் போனேன். தலையிலும் தோளிலும் தண்ணீர் அடித்தது. இனி பயமில்லை என்று டப்ளினில் சொல்லிவிட்டார்கள், தென்காசியிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டே நின்றேன்.