முன்னால் நடக்க வரவில்லை

என் மனைவிக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோனபோது அவள் கேட்டது ஒன்றுதான். "கொல்லை வரைக்கும் நானா நடந்து போயிட்டு வந்தாப் போதும். வேற எங்கயும் போக வேண்டாம்."

தென்காசி வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விட்டால், பக்கத்து வீட்டு அக்கா வந்து அவளைத் தாங்கிக் கொல்லைக்குக் கொண்டுபோவாள். கூப்பிடக் கூசி, இவள் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். உதடு வெடித்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சாரல் தொடங்கியதும் கடையில் சொல்லிவிட்டு, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வைத்தியர் ஒருவர் அங்கே சாலையோரம் ஓலைக்கொட்டகை போட்டிருந்தார். எண்ணெய் தடவுவார், பிறகு நடக்க வைப்பார். அருவிப் பக்கமே போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

நடக்க வைப்பதில் பிடிக்கும் வேலை என்னுடையது. அவள் முன்னால் நிற்க வேண்டும். நான் பின்னால் நின்று இடுப்பின் இரு பக்கமும் கை வைத்து, பாரம் வலது காலுக்குப் போகும்படி மெல்லச் சாய்க்க வேண்டும். இடது கால் அரிவாள் போல வெளியே வளையாமல், என் முழங்காலால் அவள் முழங்காலை முன்னே தள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே வாய் வராத எனக்கு, பட்டப்பகலில், சாலையைப் பார்த்த கொட்டகையில் இந்த வேலை. குளிக்கப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏட்டி, அங்கன பாரேன். பொண்டாட்டிய எப்பிடிப் பிடிச்சிருக்காருன்னு," என்று ஈரச்சேலையோடு போன ஒருத்தி சிரித்தாள்.

"தாலி கட்டுன அன்னைக்கு என் கையப் பிடிக்கவே நடுங்குன ஆளு," என்றாள் என் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி. அன்று நானும் சிரித்தேன்.

ஆனால் முன்னால் நடக்க அவளுக்கு வரவில்லை. கல்யாணமானதிலிருந்து கோயிலானாலும் சந்தையானாலும் என் பின்னால்தான் வந்திருக்கிறாள். இப்போது அடிக்கு அடி தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். தலை திரும்பினால் இடுப்பு திரும்பும். கால் மடங்கிவிடும்.

"முன்னால பாரும்மா. அவரு எங்கயும் போயிட மாட்டாரு," என்பார் வைத்தியர்.

"எதைப் பாக்கச் சொல்லுதிய? முன்னால ஒண்ணுமே இல்லியே," என்றாள் அவள்.

ஒருநாள் வைத்தியர் வெளியே போயிருந்தபோது அவளே சொன்னாள். "நீங்க முன்னால போங்க. நான் வாறேன்." நான் திரும்பி நின்றேன். வலது கையை என் தோளில் வைத்தாள். மெதுவாக நடந்தேன். பின்னால் கால் மண்ணில் இழுபடும் சத்தம் நிற்காமல் வந்தது. கொட்டகையின் மறுமுனைக்கே வந்துவிட்டாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. வைத்தியர் வந்ததும் நடந்து காட்டினோம்.

"மதி, போதும்," என்று மலையாளம் கலந்து சொல்லி, கையைக் காட்டி எங்களை நிறுத்தினார் அவர். "இப்ப தோளை எடும்."

நான் விலகினேன். அவள் சரிந்தாள். விழாமல் அவர்தான் தாங்கினார்.

"கால் நடக்கலை. உம்ம தோள்தான் நடந்துச்சு. இப்படிப் பழகினா அந்தக் கால் என்னைக்கும் வேலை செய்யாது."

மறுபடி இடுப்பைப் பிடித்தேன். மறுபடி அவள் திரும்பினாள். சாரல் நின்றது. வெளியூர் ஆட்கள் போனார்கள். கொட்டகையைப் பிரித்துக்கொண்டே வைத்தியர், "இனி வீட்டுல வச்சுப் பாரும்," என்றார்.

வீட்டில் காலையில் கடைக்குப் போகுமுன் பிடித்துப் பார்த்தேன். ஒருநாள் அவள் என் கைகளை விலக்கிவிட்டாள். "போதும், விடுங்க. நீங்க முன்னால போங்க."

அதன்பின் கொல்லைக்குப் போவதென்றால் அப்படித்தான். மத்தியானம் கடையிலிருந்து ஓடி வருவேன். நான் முன்னால், தோளில் அவள் கை. சுவரோரம் போட்டிருந்த கற்களில் உட்கார வைத்ததும், "திரும்பாதிய," என்பாள். நான் வேலியைப் பார்த்தபடி, அவள் கூப்பிடும்வரை நிற்பேன்.

கடைசிவரை, நான் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துத்தான் அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.