தாரணி எடுக்காத சீட்டு

அண்ணாமலையாரை நம்பி வாழும் எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒன்று. எனக்கு இது இன்னும் பாதிதான் புரிந்திருக்கிறது. அனுபவம் எழுதுகிறவர்கள் எல்லாம் தெளிவாக எழுதுகிறார்கள். நான் குழம்பின மாதிரியேதான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆனி மாதம் என் வேலைக்கு ஆபத்து வந்தது. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் கம்பெனியில் வேலை. கொரோனா காலத்திலிருந்து வீட்டிலிருந்தே செய்துவந்தேன். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் சின்னத் தெருவில் எங்கள் வாடகை வீடு. மனைவி சுமதி கீழ்பென்னாத்தூர் பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சர். காலையில் அவள் பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை வீட்டில் நானும் மகள் தாரணியும்தான். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா தம்பி, இன்னைக்கும் லீவா?” என்பார். நானும் தினமும் சிரித்துவைப்பேன்.

அந்த மாதம் மேனேஜர் போன் செய்தார். தீபாவளி முடிந்ததும் எல்லோரும் சென்னை ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும், வராதவர்களுக்கு வேலை இல்லை என்றார். மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருந்திருக்காது. எனக்குக் கை கால் ஓடவில்லை. காரணம் தாரணி.

அவளுக்கு நான்கு வயது. சத்தம் ஆகாது. பயம் என்று சொல்லிவிட முடியாது, வலிக்கிறது போலத் துடித்துப்போவாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிடுவாள். வேலூரில் காட்டினோம். காதில் ஒரு குறையும் இல்லை, நமக்குச் சாதாரணமாகக் கேட்பது இவளுக்கு ஜாஸ்தியாகக் கேட்கிறது, மெதுவாகத்தான் பழக வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார் டாக்டர். அதனால் குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவேன். எங்கள் வீட்டுப் பருப்பு எப்போதும் அரை வேக்காடுதான். வெளியே போனால் அவளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு கையும் காதுக்கே போய்விடுவதால் என் கையைப் பிடிக்க அவளுக்குக் கை இருக்காது.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மேளமும் மணியும் ஆட்டோ ஹாரனும் ஓயாத ஊரில் குடியிருக்கிறோம். பெரிய கோயிலில் கொடிமரம் வரைதான் அவள் வந்திருக்கிறாள். உள்ளே சன்னதியை அவள் பார்த்ததே இல்லை.

நான் சென்னைக்குப் போனால் பகலில் அவளை யார் பார்ப்பது? சுமதிக்கு மாற்றல் கிடைக்கும் வழி இல்லை. என் மாமியார் போளூரில் இருக்கிறார், பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அவர் வீட்டுக்கு அடுத்தது ரைஸ்மில். அந்த இரைச்சலில் இவள் ஒரு நாள்கூடத் தாங்கமாட்டாள். தாரணி என்னோடு இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அதற்கு நான் வேறு வேலை தேட வேண்டும். அதுவும் வீட்டிலிருந்தே.

என்னோடு படித்த முரளி சென்னையில் இருக்கிறான். அவன்தான், “டேய், நீ நல்லா எழுதுவியே, பிளாக் ஆரம்பிடா. அதைக் காட்டி எழுத்து வேலை வாங்கலாம். ஆனா உனக்குன்னு ஒரு தலைப்பு வேணும். கண்டதையும் எழுதினா ஒருத்தனும் திரும்பி வரமாட்டான். அதுக்கு ‘நிஷ்’னு பேரு” என்றான்.

அன்று பிடித்தது குழப்பம். எனக்கென்று என்ன தலைப்பு இருக்கிறது? முதலில் சமையல் எழுதினேன். கத்திரிக்காய் கொத்சு. மாமியார் படித்துவிட்டு, புளி எங்கே போச்சு என்று போளூரிலிருந்து போன் செய்தார். பிறகு செல்போன்களைப் பற்றி எழுதினேன். என் போனின் கண்ணாடியே விரிசல் விட்டிருந்தது. கோயில் வரலாறு எழுதலாம் என்று உட்கார்ந்தால் அதை ஆயிரம் பேர் எழுதிவிட்டிருந்தார்கள். விடியற்காலையில் எழுந்திருப்பது எப்படி என்றுகூட ஒன்று எழுதினேன். மறுநாள் விடிந்த பிறகும் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி சுமதி அதைக் காட்டினாள். படிக்கிறவர்கள் அவளும் முரளியும்தான். மூன்றாவதாக ஒருவர் வந்து கருத்து எழுதினார். கடன் வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

அழுதேன். சொல்ல வெட்கமாக இல்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மலையைப் பார்த்து அழுதேன். சாமி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, ஒரு தலைப்பு குடு, இந்தப் பிள்ளையை விட்டு என்னைப் பிரிக்காதே. தினமும் இதேதான் என் பிரார்த்தனை.

ஆடி மாதத்தில் ஒரு யோசனை வந்தது. நம் பக்கத்தில் ஒரு முடிவு தெரியாவிட்டால் பூ கட்டிப் பார்ப்போம் இல்லையா? வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்தது உத்தரவு. எனக்கு நாலு தலைப்பு இருந்ததால் பூவுக்குப் பதில் சீட்டு. சமையல், செல்போன், ஆன்மிகம், ஊர் சுற்றுவது. நாலையும் ஒரே மாதிரி மடித்து எடுத்துக்கொண்டு, தாரணியைத் தூக்கிக்கொண்டு, அடி அண்ணாமலை பக்கத்தில் வயலோரமாக இருக்கும் சின்ன அம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன், கூட்டம் இருக்காது என்று.

பூசாரி நாலு சீட்டையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்து தட்டில் போட்டார். தாரணியை இறக்கிவிட்டேன். “கண்ணு, ஒண்ணு எடும்மா” என்றேன். அவள் குனிந்து கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து பூசாரி கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு சுவரில் இருந்த ஸ்விட்சைப் போட்டார். கரண்டில் ஓடும் மேளம். தானாக அடிக்கும், மணியும் சேர்ந்து அடிக்கும். நீட்டின கையை இழுத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தாரணி குந்திவிட்டாள். சீட்டுகள் தட்டிலேயே கிடந்தன.

மேளம் நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. பூசாரி தட்டை எடுத்து சீட்டுகளை எண்ணினார். “கொழந்த எதையும் எடுக்கலப்பா. உத்தரவு ஆவல. இன்னொரு நாளு வா” என்றார்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. கேட்டவன் நான், எடுக்க வேண்டியவள் குழந்தை, குழந்தையை எடுக்கவிடாமல் செய்தது சாமிக்கு அடிக்கிற மேளம். இதற்கு என்ன அர்த்தம்? எதையுமே எழுதாதே என்கிறாளா அம்மன்? சுமதியிடம் சொன்னேன். “சாமி உங்க கொத்சைப் படிச்சிருக்கும்” என்றாள்.

ஆவணி போயிற்று. ஒன்றும் எழுதவில்லை. புரட்டாசிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. பௌர்ணமியில் நாங்கள் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்போம். அன்று சாயங்காலம் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனேன். கூட்டத்துக்கு ஓரமாக, சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஐந்தாறு வயதுப் பையன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, குரல் வற்றிப்போகிற அளவுக்கு அழுதுகொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எதையோ பார்த்துப் பயந்துட்டான் என்றார் ஒருவர். வேப்பிலை அடிக்கச் சொன்னார் இன்னொருவர். அந்த அம்மாவும் அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பாலை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஆபீஸ் வேலைக்கு வைத்திருக்கும் பெரிய ஹெட்போனை எடுத்துவந்து பையன் காதில் மாட்டினேன். தாரணி வீட்டுக்குள் மட்டும் அதை மாட்டவிடுவாள், வெளியே போனால் கழற்றி எறிந்துவிடுவாள். அழுகை மெல்ல மெல்லத் தேய்ந்தது. இருவரையும் வீட்டுக்கு அழைத்துவந்தேன். சுமதி மோர் கொடுத்தாள். தாரணி கதவு ஓரத்தில் நின்று அந்தப் பையனையே பார்த்தாள். தன்னைப் போல இன்னொருவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அந்த அம்மா ஓசூரிலிருந்து வந்திருந்தார். பையனுக்காக வேண்டிக்கொண்டு முதல் முறையாகக் கிரிவலம். “இவனைக் கூட்டிட்டு எங்கயுமே போவ முடியலண்ணா. சாமிகிட்டகூட” என்றார்.

நான் பேச ஆரம்பித்தேன். பௌர்ணமியில் வராதீங்க, சாதாரண நாளில், மதியம் நடை திறந்ததும் வாங்க. பூஜை நேரத்துக்கு முன்னாலேயே வெளியே வந்துடுங்க. பிரகாரத்தில் எந்த மூலையில் மேளச் சத்தம் கம்மியாகக் கேட்கும், கிரிவலப் பாதையில் எந்தப் பக்கம் ஹாரன் தொந்தரவு இல்லை, எங்கே நிழலில் உட்காரலாம், பிள்ளை குந்திவிட்டால் உடனே தூக்காமல் எப்படிப் பக்கத்தில் உட்கார வேண்டும். சுமதி விளக்கேற்றிவிட்டு வந்தபோதும் நான் நிறுத்தவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கே வியப்பு. தாரணியைத் தூக்கிக்கொண்டு சத்தத்துக்கு ஒதுங்கி ஒதுங்கியே இந்த ஊரை நான் கற்றிருக்கிறேன்.

அந்த அம்மா கேட்டார்: “அண்ணா, இதெல்லாம் எங்கனா எழுதி வெச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா. நான் சமையல் பத்தி எழுதறேன்” என்றேன்.

சுமதி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னங்க, நாளைக்குக் காலையில கொத்சை அழிச்சிட்டு இதை எழுதுங்க” என்றாள்.

எழுதினேன். சத்தம் தாங்காத பிள்ளையோடு அண்ணாமலைக்கு வருவது எப்படி. ஒரே மூச்சில் எழுதினேன். ஓசூர் அம்மா அதைத் தன்னைப் போன்ற பெற்றோர்களுக்கு அனுப்பினார். கேள்விகள் வந்தன. கடன் கேட்காத நிஜ மனிதர்களின் கேள்விகள். மொட்டை போடும்போது மெஷின் சத்தத்துக்கு என்ன செய்வது? காது குத்தும் இடத்தில் மேளம் வேண்டாம் என்று சொன்னால் உறவுக்காரர்கள் கோபிப்பார்களா? சத்தத்தை நிறுத்தச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள் என்று தெரிந்ததை எழுதினேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதினேன். ஆனாலும் குழப்பம் தீரவில்லை. இது ஒரு தலைப்பா? முரளியே, “நல்லாதான்டா இருக்கு, ஆனா ரொம்ப சின்ன வட்டம்” என்றான்.

தீபாவளி நெருங்கியது. வேறு வழி இல்லாமல் மேனேஜரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தாரணியின் கவுன்களைப் போளூருக்கு எடுத்துப்போகப் பையில் மடித்து வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். நான் மறுபடி வைத்தேன். அவள் மறுபடி எடுத்தாள். பையை அப்படியே விட்டுவிட்டு, சாமி, இனிமேல் நான் கேட்க ஒன்றும் இல்லை, நீயே பார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே அந்த மெயில் வந்தது. குடும்பங்களைக் கோயில் பயணம் அழைத்துப்போகும் ஒரு சென்னை நிறுவனம். அங்கே வேலை செய்யும் ஒருவருக்கும் இப்படி ஒரு பிள்ளையாம், என் எழுத்தைப் படித்திருக்கிறார். குழந்தைகளோடு வருகிறவர்களுக்காக ஒவ்வொரு ஊரைப் பற்றியும் எழுதித்தரவும், போனில் விளக்கம் சொல்லவும் ஆள் தேவை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றது மெயில். மூன்று தடவை படித்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுமதியைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டுப் பையைத் திறந்து கவுன்களை அலமாரியில் அடுக்கினாள். சம்பளம் முன்னைவிடக் கம்மிதான். தாரணி இன்று வரை இந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

தீபாவளி வெடியெல்லாம் ஓய்ந்த பிறகு தேங்காய் உடைக்க அதே அம்மன் கோயிலுக்குப் போனேன். தாரணியை இறக்கிவிட்டேன். பூசாரிக்கு என்னை ஞாபகம் இருந்தது. “இன்னாப்பா, உத்தரவு ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே ஸ்விட்சைப் போட்டார். மேளம் அடித்தது. தாரணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கும் இதைத்தானே செய்தாள்? இதே இடத்தில், இதே மாதிரி. நான் கேட்ட கேள்விக்கு அம்மன் அப்போதே பதில் சொல்லியிருக்கிறாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இல்லை, தற்செயலாக நடந்ததற்கு நான் இப்போது அர்த்தம் கட்டுகிறேனா? அதுவும் தெரியவில்லை. அழுகை மட்டும் வந்தது.

எத்தனையோ பேருக்கு எழுதிச் சொன்னதை நான் ஒரு நாளும் செய்ததில்லை. அன்று செய்தேன். “ஐயா, அந்த மேளத்தைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? குழந்தைக்குத் தாங்கலை.”

“அதுக்கின்னா? கேட்டாதான தெரியும்” என்று பூசாரி ஸ்விட்சை அணைத்தார். கையில் இருந்த மணியையும் கீழே வைத்துவிட்டுக் கற்பூரத்தை மட்டும் காட்டினார்.

கோயில் அமைதியானது. வயலில் மோட்டார் ஓடுவது மட்டும் தூரத்தில் கேட்டது. தாரணி மெதுவாக எழுந்தாள். அம்மனைப் பார்த்தாள். இடது கை காதிலேயே இருந்தது. வலது கையை எடுத்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய கோயிலில் இன்னும் கொடிமரம் வரைதான் போகிறோம். அவசரம் இல்லை. குக்கரில் இப்போது ஒரு விசில் வரை விடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் லீவா என்றுதான் கேட்கிறார். என்னைப் போல ஏதோ ஒன்று புரியாமல் தவிக்கிறவர்கள் இதைப் படித்தால், மலையைப் பார்த்துத் தைரியமாகக் கேளுங்கள். அவர் கைவிடமாட்டார். கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் உங்கள் பிள்ளையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.