என் கைக்கு வாங்கிய தூண்டில்

தஞ்சாவூரில் தூண்டில் வாங்கப் போனபோது கடைக்காரர் முதலில் கேட்டது, "யாருக்குண்ணே?" என்றுதான். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இன்றைக்கும் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

தூண்டில் என் மனைவியின் அண்ணனுக்கு. குவைத்தில் இருந்தவர், பக்கவாதம் வந்து பூதலூர் வீட்டுக்கே திரும்பிவிட்டார். வலது கை பாதிதான் மீண்டது. தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலை அதனால் மெல்லச் சுற்ற முடியும். ராடின், அதாவது தூண்டில் கம்பின், கனத்தை இடது கைதான் தாங்க வேண்டும். விரலுக்குப் பயிற்சியாக ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். "பந்தை அமுக்கி யாரு மாப்ள கொழம்பு வெச்சா? ஒரு வெராலாவது பிடிச்சுடணும். என் கையை நெனச்சு ஒரு ராடு வாங்கிட்டு வாங்க" என்றார்.

லீவில் வரும்போதெல்லாம் ஏரிக்குப் போய் விராலோடுதான் திரும்புவார். மீன் பிடித்தவருக்கே தலை என்பது அவர் வீட்டுச் சட்டம். அந்தத் தலையை வேறு யாரும் தின்று நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் இரண்டு ராடுகளை எடுத்து வைத்தார். ஒன்று மெல்லியது, கையில் இருப்பதே தெரியவில்லை. ஆனால் அது கெண்டை, ஜிலேபி மாதிரிச் சின்ன மீன்களுக்குத்தான் ஆகுமாம். விரால் கவ்வியதும் ஆகாயத்தாமரைக்குள் பாயும். வளைகிற ராடு அதைத் தடுக்காது என்றார். மற்றது விறைப்பு, கனம். அதைக் கையில் கொடுத்து வீசிப் பார்க்கச் சொன்னார். எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அதையே வாங்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்றாவதாக ஒன்றைத் தேடி எடுத்திருப்பாரோ என்னவோ. மச்சானின் கையைப் பற்றி முன்பின் தெரியாதவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் ஏரிக்கரையில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். இரையாகக் கட்டிய ரப்பர் தவளை மூன்று தடவை காலடியிலேயே விழுந்தது. நான்காவது தடவை அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். தவளை ஆகாயத்தாமரை ஓரத்தில் போய் விழுந்தது. தண்ணீர் வெடித்தது. விரால்தான். ராடின் நுனி ஏரிக்குள் இறங்கியது. தூக்கப் பார்த்தார், இடது கை கனம் தாங்கவில்லை, முகம் சிவந்தது.

"மாப்ள, பிடிங்க."

வாங்கி இழுத்தேன். கடைக்காரர் சொன்னபடியே விறைப்பான ராடு மீனை மடக்கிக் கொண்டுவந்தது. நல்ல பருமன். புல்லில் அது துள்ளியபோது அவர் மீனைப் பார்க்கவில்லை, ராடைத்தான் பார்த்தார்.

"உங்க கைக்கு வாங்கிட்டீங்க" என்றார். கோபமே இல்லாத குரல்.

கடையில் மாற்றித் தருவார்கள், நாளைக்கே போகிறேன் என்றேன்.

"அப்படியே கையையும் மாத்தித் தருவாரான்னு கேளுங்க."

வழக்கமாக அவர் ஏதாவது சொன்னால் நான்தான் முதலில் சிரிப்பேன். அன்றைக்கு அவரை எழுப்பி நிறுத்திவிட்டு நாற்காலியை மடக்கினேன்.

மத்தியானம் குழம்பு கொதித்தது. அவர் மனைவி பழைய பழக்கத்தில் தலையை எடுத்து அவர் தட்டில் வைத்தார். அவர் தட்டை இடது கையால் மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"பிடிச்சவரு சாப்பிடட்டும்" என்றார்.

சாப்பிட்டேன். பிடித்தது நான்தான்; வேண்டாமென்று சொல்லியிருந்தால் அது இரண்டாவது பொய்யாகியிருக்கும்.