முழு நீல வட்டம்

அவன் மேல் எனக்குப் பொறாமை. இத்தனை வருடம் கழித்து அதை வேறு பெயரில் சொல்லிப் பயனில்லை. அவன் கொஞ்சமாவது கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. முப்பது மெஷின், எல்லாம் விண்டோஸ். வைரஸ் வந்தால் அழித்துப் புதிதாகப் போடுவேன், வராத நாட்களில் பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவேன். அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவன் வந்து சேர்ந்தான். என்னைவிட நான்கு வயது சின்னவன். வாயைத் திறந்தால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ்தான். வைரஸ் அண்டாது, மெஷின் திணறாது என்றான். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவில் பத்து மெஷினில் அதைப் போட்டும் காட்டினான். ஒன்றுகூடப் படுக்கவில்லை. ஒன்றாவது படுத்திருக்காதா என்று தினமும் காலையில் ஆசையாகப் போய்ப் பார்ப்பேன்.

அந்தப் பிரிவுப் பெண்களுக்கு நான் 'சிஸ்டம் அண்ணா'. அவன் மூன்றே மாதத்தில் 'சார்' ஆகிவிட்டான். முதலாளி அறையில் நான் நின்றபடி பேசுவேன், அவனுக்கு நாற்காலி கிடைத்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆயுத பூஜையைத்தான் பொறுக்க முடியவில்லை. சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது ஐந்து வருடமாக என் கை. அந்த வருடம் முதலாளி தட்டை அவனிடம் நீட்டினார். அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். மரியாதையாகத் தட்டை வாங்கி, "அண்ணே, இது நீங்க வச்சாத்தான் சரியா இருக்கும்" என்று என் பக்கம் திருப்பினான். வைத்தேன். அவன் விட்டுக்கொடுத்ததை வாங்கி வைக்கிறோமே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயம் பெருமாநல்லூர் ரோட்டில் கம்பெனிக்குப் புது யூனிட் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே விண்டோஸ் போட்டால் பொறுப்பு எனக்கு, லினக்ஸ் போட்டால் அவனுக்கு. அவனுக்கென்றால் நானும் அவனை 'சார்' என்று கூப்பிட வேண்டும். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்று எனக்கும் நாற்காலி.

"நம்ம வெப்சைட்டுக்கு வர்றவங்க எதை வெச்சிருக்காங்கன்னு பாருங்க கண்ணு. நம்மகிட்ட வாங்கற பையர் எதை வெச்சிருக்காரோ அதையே நாமளும் வெச்சுக்கலாமுங்க. துணியிலயும் நாம அப்படித்தானுங்களே" என்றார்.

வெப்சைட்டுக்கு வருகிறவர்களின் கணக்கு என் கையில் இருந்தது. பாஸ்வேர்டும் என்னிடம் மட்டும்தான். கலரில் பிரிண்ட் எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒரு வட்டம். விண்டோஸில் வந்தவர்கள் நீலம், லினக்ஸில் வந்தவர்கள் சிவப்பு. வட்டம் பூராவும் நீலமாக இருக்க, சிவப்பு ஒரு நூல் தடிமனுக்குத்தான் தெரிந்தது.

"சார், இந்தக் கணக்க நம்ப முடியாது" என்றான் அவன். "நம்ம பையர் ஒருத்தரோட ஆர்டர் சைட்டு, விண்டோஸ் இல்லன்னா திறக்கவே மாட்டேங்கு. அதனால நான் போட்ட பத்து மெஷினையும் 'நான் விண்டோஸ்'னு பொய் சொல்ல வச்சிருக்கேன். எங்கயும் லினக்ஸ்காரன் இப்படித்தான் வேஷம் போட்டுத் திரியுதான். இந்த நீலத்துக்குள்ள எத்தன பேரு ஒளிஞ்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"ஒளிஞ்சிருக்கறவங்கள எப்படிங்க எண்ணறது? எண்ணுனதத்தானுங்களே பேச முடியும்" என்றேன்.

முதலாளி சிரித்துவிட்டார். "அதுஞ் சரிதானுங்க."

அவன் பிரிண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணே, நம்ம ஆபீஸ்லருந்து போறதும் இந்தக் கணக்குல சேருதா?" என்று கேட்டான்.

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. பையர் யாராவது திடீரென்று உள்ளே நுழைந்தால் எல்லாத் திரையிலும் நம் கம்பெனி தெரிய வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அதனால் ஆபீஸில் யார் எப்போது இணையத்தைத் திறந்தாலும் முதலில் எங்கள் வெப்சைட்டே வரும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு திறப்பும் ஒரு வருகை. அந்த வட்டத்தில் இருந்தது உலகம் இல்லை, எங்கள் ஆபீஸ். அவனுடைய வேஷம் போட்ட பத்து மெஷினும் அந்த நீலத்தில் சேர்த்திதான். அதில் பையர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாதக்கணக்காக எனக்கு இது தெரியும்.

"இல்லீங்க, அதெல்லாம் கழிச்சாச்சுங்க" என்றேன். முதலாளி இருந்ததால் அவனுக்கும் 'ங்க' போட்டேன்.

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்று பிரிண்டை மடித்து என்னிடமே கொடுத்தான்.

புது யூனிட்டுக்கு விண்டோஸ் வந்தது. பொறுப்பும் நாற்காலியும் எனக்கு வந்தன. இரண்டு மாதத்தில் அவன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான். சண்டை இல்லை, முகம் சுளிக்கவில்லை. போகும்போது ஊரிலிருந்து வாங்கிவந்த மக்ரூன் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனான். எங்கள் வெப்சைட்டில் அவன் செய்த பக்கம் ஒன்று இருந்தது. பனியன் அளவுகளை இன்ச்சிலும் சென்டிமீட்டரிலும் காட்டும் பக்கம், பையர்கள் பாராட்டியது. முகப்பிலிருந்து அதற்குப் போகும் வழியை மறுவாரமே எடுத்துவிட்டேன். பக்கத்தை அழிக்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, நிஜம் என்னதான் என்று பார்க்கத் தோன்றியது. எங்கள் ஆபீஸ் மெஷின்கள் எல்லாம் ஒரே இணைப்பில் வெளியே போவதால் கணக்கில் ஒரே எண்ணாகத்தான் நிற்கும். அந்த எண்ணைக் கழிக்கச் சொல்லி ஒரு வரி எழுதினேன். வருகைகள் கைப்பிடி அளவாகச் சுருங்கின. ஆனால் வட்டம் அப்போதும் பெரும்பாலும் நீலம்தான். பொய் சொல்லாமலே ஜெயித்திருப்பேன்.

சிவப்பு மட்டும் இப்போது ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. என்னவென்று பார்த்தேன். எல்லாம் ஒரே ஆள். பெங்களூரில் ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து, வேலை நாள் தவறாமல் காலையில் ஒரு முறை, முகப்பைத் தொடாமல் நேராக அந்த அளவுப் பக்கத்துக்கு வந்து போயிருக்கிறான். வழியை நான் எடுத்த பிறகு, விலாசம் மனப்பாடமாகத் தெரிந்தவன் ஒருவன்தான் அங்கே வர முடியும். தான் செய்தது இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வந்தானோ என்னவோ.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. எங்கள் ஆபீஸில் இருந்தவரை அவன் மெஷின்கள் விண்டோஸ் என்று பொய் சொல்லித்தான் பிழைத்தன. அங்கே வேஷம் தேவைப்படவில்லை, லினக்ஸ் என்று சொல்லிக்கொண்டே வருகிறான். இதுவும் அவனுக்குக் கிடைத்துவிட்டதே என்றுதான் தோன்றியது.

எங்கள் ஆபீஸ் எண்ணுக்குக் கீழே அவன் எண்ணையும் எழுதிக் கழித்தேன். வட்டம் முழு நீலமானது.

அந்தப் பக்கம் வந்த முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "பாருங்க கண்ணு, அன்னிக்கு நீங்க சொன்னதுதானுங்க. அந்தத் தம்பி சொன்ன மாதிரி ஒருத்தருங்கூட இல்லீங்களே?"

"இல்லீங்க" என்றேன், நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே.